பாலேஸ்வரிக்குக் காட்டிய கொழும்பு

மகரகம ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசவில்லை. இரத்தினசிங்கத்தின் உணவுக்குழாயில் இருந்த கட்டி வெட்டி எடுக்கிற நிலையைத் தாண்டிவிட்டது, இனி மூன்று மாதம், கூடினால் நான்கு என்றார். வலி கூடும்போது குடிக்க ஒரு மருந்து எழுதித் தந்தார். அதைக் கிழமைக்கு ஒருதரம் அங்கேயே வந்து வாங்கவேண்டும், யாழ்ப்பாணத்தில் கிடைப்பது அரிது என்றும் சொன்னார். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். இரத்தினசிங்கம் மருந்துத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெளியே வாங்கில் காத்திருந்த மனைவியிடம் வந்தார்.

பஸ்ஸில் வைத்துத்தான் பாலேஸ்வரிக்குச் சொன்னார். மருந்து விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

அவள் அழவில்லை. பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்ணின் கூடை தன் முழங்காலில் இடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நுகேகொடை தாண்டியதும் அவர் சொன்னார்:

"நாளைக்குக் காலமை வெளிக்கிடும். உமக்குக் கொழும்பு காட்டுறன்."

"உங்களுக்கென்ன விசரே?"

"கலியாணம் முடிச்சு இருபத்தொன்பது வருஷம். ஒவ்வொரு வருஷமும் காட்டுறன் எண்டு சொல்லியிருக்கிறன். ஊருக்குப் போற கப்பலுக்கு இன்னும் ஆறு நாள் கிடக்குது."

அது உண்மைதான். புதுக்கடை நீதிமன்றத்தில் பத்தொன்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர் அவர். மாதத்துக்கு ஒருதரம் மெயில் ரெயினில் ஊருக்கு வருவார். கொழும்பைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லுவார். ஆனால் அவருடைய தாய் பாரிசவாதத்தில் பன்னிரண்டு வருடம் படுக்கையில் கிடந்தாள். பிள்ளைகளும் இல்லாத வீட்டில் பாலேஸ்வரியை விட்டால் பார்க்க வேறு ஆள் இல்லை. தாய் கண்ணை மூடிய அடுத்த வருடம் எண்பத்து மூன்று கலவரம். அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர் பிறகு கொழும்புப் பக்கம் திரும்பவே இல்லை. இப்போது, தொண்ணூற்றேழு மாசியில், நோய்தான் இருவரையும் பருத்தித்துறையில் கப்பல் ஏற்றி, திருகோணமலை வழியாக வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தது.

அடுத்த நாள் காலை, வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்திலிருந்த ஒரு பேக்கரியில் அவர் மாலு பணிஸ் ஒன்று வாங்கினார். மூன்று மூலையாக மடித்து, உள்ளே மீனும் கிழங்கும் வைத்த சூடான பணிஸ். அதை அவளிடம் நீட்டினார்.

"நீங்கள்?"

"நான் எப்படிச் சாப்பிடுறது? நீர் சாப்பிடும்."

அவருக்குக் கஞ்சித் தண்ணியும் ஹோர்லிக்ஸும்தான் இறங்கும். அதுவும் ஒவ்வொரு மிடறாக. போத்தல் அவளுடைய பையில் இருந்தது. காலி வீதியில், பஸ்கள் புகை கக்கிக்கொண்டு போகும் இடத்தில் நின்று அவள் பணிஸைக் கடித்தாள். மென்று விழுங்கினாள்.

"எப்படி?"

"நல்லாயிருக்கு."

"நல்லாயிருக்கெண்டு சொன்னா எனக்கென்ன விளங்கும்? உறைப்போ, புளிப்போ? மிளகு போட்டிருக்கிறானோ? வடிவாச் சொல்லும்."

அதிகம் கதைத்துப் பழகியவள் இல்லை பாலேஸ்வரி. இன்னொரு வாய் கடித்துப் பார்த்தாள். "மேல்பக்கம் இனிக்குது. உள்ளுக்கு மிளகு. மீன் கொஞ்சமாத்தான் கிடக்குது, கிழங்குதான் கனக்க. அடியில கருகின மணம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அப்ப பழைய மாதிரித்தான் போடுறாங்கள்," என்றார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் கூட்டிப்போவார், வாங்கிக் கொடுப்பார், அவள் சாப்பிட்டு ருசியைச் சொல்லுவாள். பசி இல்லாத வயிற்றில், துக்கம் நிரம்பிய வயிற்றில், அவருக்காகச் சாப்பிட்டாள். நூதனசாலையில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைக் காட்டினார். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் யானைகள் காலைத் தூக்கி ஆடுவதைக் காட்டினார். இரண்டு இடத்திலும் கதிரை கண்ட உடனே இருந்துவிட்டார். "நீர் போய்ப் பார்த்திட்டு வாரும்," என்று அனுப்பினார். அவள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

காலிமுகத்திடலுக்குப் போகிற வழியில் காவல்தடை இருந்தது. சீருடைப் பெண் ஒருத்தி பாலேஸ்வரியின் பையைக் கவிழ்த்தாள். ஹோர்லிக்ஸ் போத்தலைத் தூக்கி ஆட்டிப் பார்த்து, குடித்துக் காட்டச் சொல்லிச் சைகை செய்தாள். பாலேஸ்வரி குடித்தாள். அன்று முழுவதற்கும் அவருக்கு அந்த ஒரு போத்தல்தான். அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். குரல் கரகரத்து வந்ததில் அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபின் போகவிட்டாள்.

கோட்டைப் பக்கம் எல்லாம் முள்ளுக்கம்பி. "அங்காலை ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் இருக்குது. மேல வெளிச்சவீடு," என்று கையை நீட்டிக் காட்டப்போனவர், சுட்டிக் காட்டினால் பிரச்சினை என்று கையை இறக்கிக்கொண்டார். கடலைப் பார்த்தபடி அவள் இறால் வடை சாப்பிட்டாள். முழு இறாலும் கோதோடு வடையில் பதிந்திருந்தது. வினாகிரியில் ஊறிய வெங்காயம் நாக்கைச் சுட்டது. எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். காற்றில் அவருடைய சட்டை, கம்பில் போட்டது போல் அடித்தது.

சனிக்கிழமை புதுக்கடைக்குப் போனார்கள். நீதிமன்றங்கள் பூட்டிக் கிடந்தன. அவர் வேலை செய்த கட்டடத்தின் ஜன்னல் ஒன்றை வெளியிலிருந்து காட்டினார். பிறகு பக்கத்து ஒழுங்கையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார். கல்லாவில் இருந்த தாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"சேர்? சிங்கம் சேரா நீங்க?"

"ஷரீப், சுகமோ?"

ஷரீப் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பாலேஸ்வரிக்கு ஆட்டிறைச்சிப் புரியாணி வந்தது, பிறகு வட்டிலப்பம் வந்தது. இரத்தினசிங்கத்தால் சாப்பிட முடியாது என்று அறிந்ததும் ஷரீப் எதுவும் கேட்காமல் உள்ளே போய், கசகசா போடாமல் பாலூதா ஒன்று அடித்துக் கொண்டுவந்தார். இரத்தினசிங்கம் மூன்று மிடறு குடித்தார். நாலாவது இறங்கவில்லை. அந்த மூன்று மிடறுக்கும் அவர் முகம் மலர்ந்திருந்ததைப் பாலேஸ்வரி கண்டாள்.

வெளிக்கிடும்போது லொட்ஜ் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு ஷரீப் கேட்டார்: "யோசெப்பின் அக்காவப் பாத்தீங்களா சேர்? அதே வீட்டுலதான் இருக்காங்க. தனியாத்தான்."

இரத்தினசிங்கம் அவருடைய கையை விட்டுவிட்டு வெளியே நடந்தார். தெருவுக்கு வந்ததும், பூட்டிய கந்தோர் ஒன்றின் படியில் இருந்துவிட்டார்.

"யார் யோசெப்பின்?" என்று கேட்டாள் பாலேஸ்வரி.

"கொட்டாஞ்சேனையில நான் இருந்த வீட்டுக்காரி. றேமண்டின்ர மனிசி."

"கலவரத்துக்குள்ள உங்களைப் பின்னறையில பூட்டி வைச்சுக் காப்பாத்தின றேமண்டோ? சொல்லியிருக்கிறியள்."

"மிச்சத்தைச் சொல்லேல்ல." அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். "நாங்கள் மூண்டு பேர் இருந்தனாங்கள். ரெண்டாம் நாள் காலமை வீட்டில பாண் இருந்தது, வாழைப்பழம் இருந்தது, ஒண்டுக்கும் குறைவில்லை. எனக்குத்தான் சிகரெட் இல்லாமல் கை நடுங்கிச்சுது. நான் கேட்டனான் பாலேஸ். எங்கையாவது ஒரு பெட்டி எடுக்கேலுமோ எண்டு. மற்ற ரெண்டு பேரும் நித்திரை. அந்த மனிசன் சிரிச்சுப்போட்டு, தெரிஞ்ச சிங்களப் பெடியனிட்ட வாங்கியாறன் எண்டு ஷேட்டைப் போட்டுக்கொண்டு போனவர். துறைமுகத்தில கிரேன் ஓட்டினவர். சிங்களம் தண்ணி மாதிரிக் கதைப்பார். ஒருத்தரும் தன்னைத் தொடமாட்டாங்கள் எண்டு நினைச்சவர். வரேல்ல."

"பிறகு?"

"பின்னேரம் முகாமுக்கு ஏத்த லொறி வந்தது. நாங்கள் ஏறினம். அக்கா வாசல்ல நிண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நிண்டவ. நான் ஒண்டும் சொல்லேல்ல. அவரின்ர உடம்பும் கிடைக்கேல்ல எண்டு முகாமில வைச்சு அறிஞ்சன்."

பாலேஸ்வரி அந்தப் படியிலேயே பக்கத்தில் இருந்தாள். அகதிக் கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் சிகரெட்டைத் தொட்டதில்லை. செல்வச்சந்நிதி முருகனுக்குத் தான் வைத்த நேர்த்தியால்தான் விட்டார் என்று பதினாலு வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"அப்ப அங்கை போகத்தான் என்னை இவ்வளவு நாளும் சுத்திக்கொண்டு திரிஞ்சனீங்களோ?"

"உமக்குக் கொழும்பு காட்டோணும் எண்டதும் பொய்யில்லை," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். லூசியா கோயிலின் பெரிய கோபுரத்துக்குக் கீழே பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. ஒழுங்கையின் கடைசி வீட்டில், பூப்போட்ட கவுன் அணிந்த அறுபது வயதுப் பெண் ஒருவர் கதவைத் திறந்தார். அவருக்கு ஆளைத் தெரியவில்லை.

"நான் சிங்கம், அக்கா."

யோசெப்பின் அக்கா இரண்டு கையாலும் அவருடைய கன்னத்தைப் பிடித்துப் பார்த்தார். "என்ன தம்பி இப்படி ஆயிட்டீங்க," என்றார். பிறகு, "ஒரு கடிதம் போட்டீங்களா? செத்தீங்களா இருக்கீங்களா எண்டு எனக்கு என்ன தெரியும்?" என்று ஏசினார். ஏசிக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார். திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் சிவப்பு பல்ப் எரிந்தது. அதன் கீழே றேமண்டின் படம் இருந்தது. வேலைக்குப் போகிற ஷேட்டோடு, யாரோ கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்த மாதிரி ஒரு படம்.

சோறு, பாரை மீன் குழம்பு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல் எல்லாம் மேசைக்கு வந்தன. இரத்தினசிங்கம் தட்டைத் தள்ளியபோது யோசெப்பின் அக்காவின் முகம் சுருங்கியது. பாலேஸ்வரிதான் காரணத்தைச் சொன்னாள். அக்கா சட்டென்று எழுந்து குசினிக்குப் போனார். சோற்றைக் குழைத்து, தேங்காய்ப்பாலில் கரைத்து, துணியில் வடித்து எடுத்து வந்தார். இரத்தினசிங்கம் அதைக் கரண்டி கரண்டியாக அரை மணித்தியாலம் குடித்தார். குடித்து முடித்ததும் சொன்னார்.

பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. படியில் இருந்து பாலேஸ்வரிக்குச் சொன்ன அதே நாலு வசனம்தான்.

யோசெப்பின் அக்கா மேசையில் சிந்திய சோற்றுப் பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டார்.

"ஜம்பட்டா வீதியில என்ட தங்கச்சி பிள்ளைகளோட தனிய இருந்தா," என்றார் பிறகு. "அண்டைக்குக் காலையில நான்தான் அவர்ட்டச் சொன்னன், ஒருக்கா எட்டிப் பார்த்திட்டு வாங்க எண்டு. அவர் வேணாம், பிறகு பார்ப்பம் எண்டார். நான் கோவிச்சுக்கொண்டன். பதினாலு வருஷம் தம்பி, நான்தான் அனுப்பினன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன். பாவசங்கீர்த்தனத்தில சாமிட்டச் சொல்லியிருக்கிறன், எத்தினை தரம். இப்ப நீங்க வந்து சிகரெட்டுக்குப் போனார் எண்டு சொல்றீங்க."

"எதுக்குப் போனவர் எண்டு எனக்கும் தெரியாது அக்கா. ரெண்டுக்குமா இருக்கலாம்."

"இதைச் சொல்ல ஏன் இப்ப வந்தீங்க? சாகிறதுக்கு முதல் உங்கட மனசு லேசாக வேணும் எண்டா? எனக்கு?" அவர் எழுந்து கதவைத் திறந்தார். "போங்க. ரெண்டு பேரும் இப்ப போங்க."

திரும்பிப் போகும்போது ஓட்டோவில் இரத்தினசிங்கம் வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு அழுதார். பாலேஸ்வரி அவருடைய முதுகைத் தடவினாள். எலும்புகள் கையில் தட்டின.

திங்கட்கிழமை காலை அவள் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, லொட்ஜ் அறைக் கதவு தட்டுப்பட்டது. குடையும் கையுமாக யோசெப்பின் அக்கா நின்றார். ஷரீப்பிடம் கேட்டு விலாசம் அறிந்து வந்திருந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. கட்டிலில் படுத்திருந்த இரத்தினசிங்கத்தின் பக்கத்தில் கிடந்த சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். பையிலிருந்த மருந்துத் துண்டு கீழே விழுந்தது. எடுத்து வாசித்தார்.

"இது வலிக்குக் குடிக்கிற மருந்து. எடுக்கல்லையா?"

பாலேஸ்வரி கணவரைப் பார்த்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அங்கை கிடைக்காதாம்," என்றார் மெதுவாக. "இஞ்சை கிழமைக்கு ஒருக்கா வந்து எடுக்கோணும். எப்படி நிக்கிறது? அதுதான் சொல்லேல்ல."

யோசெப்பின் அக்கா சட்டையை மடித்து முடித்தார். "நான் மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல வரல்ல. அது எனக்கு இன்னும் தெரியாது. ஆனா ஒரு மனிசன் மருந்து இருக்கக்கொள்ள மருந்தில்லாமக் கத்திச் சாகிறதை நான் கேட்டுக்கொண்டு இருக்க ஏலாது. பின்னறை சும்மாதான் கிடக்குது. வாங்க."

"நான் ஊரில சாகத்தான் விரும்புறன் அக்கா," என்றார் அவர்.

பாலேஸ்வரி பெட்டியின் மூடியைச் சாத்தினாள். "கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து, எங்கை இருக்கிறது, எப்ப வாறது எல்லாம் நீங்கள்தான் முடிவெடுத்தனீங்கள். இதை நான் எடுக்கிறன்," என்றாள். அன்று பின்னேரமே கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டார்கள்.

வீட்டில் புதிதாக யார் வந்தாலும் பொலிஸில் பதிய வேண்டிய காலம். யோசெப்பின் அக்கா பாலேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனார். "மகே நங்கி," என்றார். என் தங்கச்சி. பொலிஸ்காரர் அக்காவின் கழுத்தில் தொங்கிய சிலுவையையும் பாலேஸ்வரியின் நெற்றியில் இருந்த பொட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டு எழுதினார்.

சித்திரை போய் வைகாசி வந்தது. புதன்கிழமை தோறும் பாலேஸ்வரி தனியாகப் பஸ் ஏறி மகரகமவுக்குப் போய் மருந்து வாங்கி வந்தாள். சிங்களத்தில் இடம் கேட்கவும் மிச்சச் சல்லி கேட்கவும் பழகிக்கொண்டாள். வரும் வழியில் ஏதாவது ஓர் இடத்தில் இறங்குவாள். ஒருநாள் மருதானையில் அம்பரெல்லாக்காய் அச்சாறு. ஒருநாள் புறக்கோட்டையில், சனத்துக்குள் நெரிபட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசி. ஒருநாள் கொச்சிக்கடைச் சிவன் கோயிலின் கருங்கல் தூண்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்தோனியார் கோயிலுக்குள்ளும் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். பின்னறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்காமலே சொன்னாள். எந்தச் சந்தியில் என்ன மணம், யார் என்ன கேட்டார்கள், பல்லில் எது ஒட்டிக்கொண்டது என்று. யோசெப்பின் அக்காவும் சில நாட்களில் கதவடியில் நின்று கேட்பார். உள்ளே வருவது குறைவு. ஆனால் வடித்த கஞ்சி மூன்று நேரமும் வந்தது. அது தண்ணீராகி, பிறகு அதுவும் இறங்காமல் போனது.

ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் இரத்தினசிங்கம் இறந்தார். கடைசிக் கிழமை முழுவதும் மருந்தின் மயக்கத்தில்தான் கிடந்தார். கத்தவில்லை. பொரளைக் கனத்தை மயானத்தில் எரித்தார்கள். ஷரீப் கடையைப் பூட்டிவிட்டு வந்து பின்னால் நின்றார்.

கீரிமலைக்குக் கொண்டுபோய்ச் சாம்பல் கரைக்க வழியில்லை. அந்தக் கரை முழுவதும் இராணுவத்திடம் இருந்தது. முகத்துவாரத்துக் கடலில் கரைப்பதென்று முடிவாகியது. குருக்கள் ஒருவரை ஒழுங்கு செய்துகொண்டு, காலையில் இரண்டு பெண்களும் போனார்கள். மீன்வள்ளங்கள் கரைக்கு இழுத்து விடப்பட்டிருந்தன. களனி கங்கை கலக்கும் இடத்தில் தண்ணீர் மண்நிறமாக இருந்தது. பாலேஸ்வரி சாம்பல் முட்டியை நீருக்குள் இறக்கினாள்.

கரையில் நின்ற யோசெப்பின் அக்கா சொன்னார்: "றேமண்டுக்கு நான் இப்படி ஒண்டும் செய்யல்ல தங்கச்சி. பூசை வைச்சன். வேற என்ன செய்ய? புதைக்க ஒண்டும் இருக்கல்ல."

பாலேஸ்வரி கரைக்கு வந்தாள். வாழை இலையில் மிச்சமிருந்த பூக்களில் பாதியை அள்ளி அவருடைய கையில் வைத்தாள். யோசெப்பின் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, கவுன் நனைய நனைய முழங்கால் தண்ணீர்வரை போனார். பூக்களைப் போட்டார். அலை அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து காலில் ஒட்டியது. பொறுக்கி மறுபடி போட்டார். மறுபடியும் வந்தன.

"நேரமாகுது," என்றார் குருக்கள்.

பாலேஸ்வரி மறுபடி தண்ணீருக்குள் இறங்கி யோசெப்பின் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் இன்னும் கொஞ்சம் உள்ளே போனார்கள்.